ஐஸ் கம்பெனி சுருதி

எங்கள் குழுவின் பெயர் கலீஜ், மெட்ராஸ் பாஷையில் அசிங்கம். பெரியவர்கள் கேட்டவுடன் "ஏன் தம்பி, வேற பேரே கெடைக்கலியா?" என்பார்கள். கிடைத்தது. இருள், சாம்பல், சவக்குழி போன்ற நல்ல பெயர்களையெல்லாம் கார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சம் இருந்ததில் எங்களுக்குப் பொருந்தியது இதுதான்.

நாங்கள் நாலு பேர். வாசிப்பது மெட்டல். கிட்டாரின் சத்தத்தை அது உடைகிற அளவுக்குப் பெருக்கி, உடைந்த துண்டுகளை அடுக்கிப் பாட்டுக் கட்டுகிற வேலை. மொஹ்சின் பாடுவான். பாடுவான் என்பது மரியாதைக்குச் சொல்வது, அடிவயிற்றிலிருந்து உறுமுவான். வண்ணாரப்பேட்டையில் மாமாவின் துணிக்கடை வாசலில் பகல் முழுக்க "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று குழைகிற தொண்டை அது. மாலையில் அதற்கு ஏதாவது வைத்தியம் வேண்டியிருந்தது. டில்லிபாபு டிரம்ஸ். விண்மீன் கால்பந்துக் கழகத்தின் கோல்கீப்பரும் அவனே. எதிரே வருவது எதுவானாலும் ஓங்கி அடிப்பது இரண்டு வேலைக்கும் பொதுவான தகுதி. எழில்மொழி கிட்டார். நான் அபின், பேஸ் கிட்டார். பேஸ் என்பது நாலே தடித்த கம்பிகள் உள்ள வாத்தியம். அதை வாசிப்பவனைப் புகைப்படத்தில் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். இடம் போதாவிட்டால் அவனையே புகைப்படம் எடுக்கச் சொல்வார்கள்.

போன ஜூனில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு, காசிமேட்டில் ஒத்திகை தொடங்கினோம். டில்லிபாபுவின் சித்தப்பாவுக்கு அங்கே ஒரு பழைய வலைக் கிடங்கு இருந்தது. எங்களுக்குச் சும்மாவே கொடுத்தார். காரணம், சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி. படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் உறைய வைக்கிற கம்ப்ரஸர் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓயாமல் ஓடியது. ம்ம்ம்ம் என்று ஒரே கார்வை. தரை வழியாக ஏறி, முழங்காலில் கொஞ்ச நேரம் தங்கி, வயிற்றில் வந்து உட்காரும். எங்கள் சத்தத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாரும் புகார் சொன்னதில்லை. சொல்வதற்கு முதலில் அது அவர்கள் காதில் விழ வேண்டும்.

முதல் வாரம், போனில் ஆப்பைத் திறந்து சுருதி சேர்க்கப் பார்த்தோம். எந்தக் கம்பியைத் தட்டினாலும் ஆப் ஒரே பதிலைச் சொன்னது. அது கேட்டுக்கொண்டிருந்தது கம்ப்ரஸரை. டி-க்கும் டி ஷார்ப்புக்கும் நடுவே, எந்தப் புத்தகத்திலும் பெயரில்லாத ஓர் இடத்தில் ஐஸ் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கொஞ்சம் விலகி வாசித்தாலும் இரண்டு சத்தமும் முட்டிக்கொண்டு வவ் வவ் என்று பல் கூசும்.

எழில்மொழிதான் தீர்ப்புச் சொன்னாள். "அது மாறாது. நம்ம மாறிக்கலாம்."

அன்றிலிருந்து, வாசிப்பதற்கு முன் எல்லோரும் சுவர்ப் பக்கம் காதைச் சாய்த்து, கம்ப்ரஸருக்குக் கம்பியை இறக்கிக்கொள்வோம். டிரம்ஸுக்கு அது தேவையில்லை. டில்லிபாபு மரியாதைக்காகச் சாய்த்தான்.

எழில்மொழி ஒரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் அவள் அப்ரண்டிஸ். கிரேன் ஒரு கன்டெய்னரை இறக்கும்போது கடைசி ஒரு ஜாண் உயரத்தில் பிடி கொஞ்சம் நழுவிவிட்டால் ஒரு சத்தம் வருமாம். அதை முதலில் தரை கேட்கும், அடுத்து கால் கேட்கும், காதுக்கு விஷயம் கடைசியாகத்தான் தெரியவரும். "அந்த சவுண்டு கிட்டார்ல வரணும்" என்றாள். நாங்கள் தலையாட்டினோம். அவளிடம் வேறு மாதிரிப் பேச எங்களுக்குப் பழக்கம் இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழையதாக வாங்கிய ஒரு ப்ராசஸர் வைத்திருந்தாள். கிட்டார் சத்தம் அதற்குள் போய் உடைந்து வெளியே வரும். அதன் சின்னத் திரை வாங்கும்போதே செத்திருந்தது. குமிழ்கள் மட்டும் உயிரோடு. உடைப்பின் அளவுக்கு கெயின், அடிச்சத்தத்துக்கு பேஸ், நடுவுக்கு மிட், கூர்மைக்கு ட்ரெபிள். மாதக்கணக்கில் அவற்றை ஒரு மயிரிழை இப்படி, ஒரு மயிரிழை அப்படி என்று திருகினாள். ஜனவரியில் ஒருநாள் நிறுத்தினாள். தன் பையிலிருந்து சிவப்பு நகப்பாலிஷை எடுத்து, ஒவ்வொரு குமிழும் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

அன்று வந்த சத்தத்தை இப்படித்தான் சொல்ல முடியும்: மொஹ்சின் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான், மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

பேஸ் குமிழின் புள்ளி சுழியத்தில் இருந்தது. மிட் அதற்கு ஒரு நூல் மேலே. அதில் ஏதோ சரியில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் கிட்டாரை உறையிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "வர்ற மண்டே ட்ரெய்னு. குஜராத்து. துறைமுகத்துல கிரேன் மெயின்டனன்ஸு. வேலை கெடச்சிட்ச்சி."



"அங்க இன்னா துன்னுவ?" என்றான் டில்லிபாபு.

"துன்றதுக்கு எதுனா கீதும். அத்த வுடு. இந்த சவுண்ட இதுவரிக்கும் இந்த ரூமுக்குள்ளயேதான் கேட்டுகினு கீறேன். ஒரே ஒரு தபா வெளிய கேக்கணும்டா. ஓப்பன்ல, பெரிய பாக்ஸுல. மூஞ்சில வந்து அடிக்கணும். கேட்டுட்டேன்னா போய்க்கினே இருப்பேன்."

"கேக்கலன்னா?" என்றான் மொஹ்சின்.

"அப்பவும் போய்க்கினேதான் இருப்பேன். டிக்கெட் போட்டாச்சு மாமு. ஆனா பேஜாரா போவேன்."

ஞாயிற்றுக்கிழமை விண்மீன் கழகத்தின் ஆண்டு விழா, தண்டையார்பேட்டை மைதானத்தில். டில்லிபாபு தன் கோல்கீப்பர் செல்வாக்கை முழுவதும் செலவழித்து, செயலாளர் வேதமாணிக்கத்திடம் பதினைந்து நிமிடம் வாங்கி வந்தான். குழந்தைகள் நடனம் முடிந்து லைட் மியூசிக்காரர்கள் மேடை ஏறும்வரை உள்ள இடைவெளி. "ஜனம் நாற்காலிய வுட்டு எய்ந்திரிச்சா அந்த நிமிசமே ஆஃப் பண்ணிடுவேன்" என்பது நிபந்தனை. பதினைந்து நிமிடம் எங்களுக்கு அதிகம். எங்களிடம் இருந்த பாட்டுகள் மூன்று. அதில் 'மணலி மேகம்' பாதிதான் முடிந்திருந்தது.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு, வெயில் இறங்காத மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சவுண்டு செட் சௌக்கத் அலி பாயுடையது. மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பாக்ஸ்களை அடுக்கி, பூமாலை போடாத குறையாக நிறுத்தியிருந்தார். ராயபுரம் முதல் எர்ணாவூர் வரை கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். "என் பாக்ஸுல சவுண்டு பால் மாதிரி வரும்" என்பார்.

எழில்மொழி ப்ராசஸரை அவர் மிக்ஸரில் சொருகி, குமிழ்களைச் சிவப்புப் புள்ளிகளுக்கு நேராக வைத்து, ஒரு அடி அடித்தாள்.

சௌக்கத் பாய் மிக்ஸரில் இருந்த எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் இறக்கிவிட்டு, பாக்ஸிடம் ஓடினார். குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது போல அதன் வலையில் கன்னத்தை வைத்தார்.

"போச்சி. உள்ள காயித கோன் கியிஞ்சிட்ச்சி."

"கியில பாய்" என்றாள் எழில்மொழி. "அதான் சவுண்டு."

"எது?"

"கியிஞ்ச மாதிரி வர்துல்ல, அதான்."

அவர் அவளைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், பிறகு ஆண்பிள்ளை என்ற முறையில் நியாயம் கேட்டு என்னைப் பார்த்தார். நானும் அதேதான் என்று தலையசைத்தேன்.

"எம்மா, இத்தினி வருசமா சவுண்டு கியியக் கூடாது, கியியக் கூடாதுன்னு பார்த்து பார்த்து ஓட்டிகினு கீறேன். நீ கியிக்கிறதுக்குன்னே மிசினு வாங்கியாந்து கீற."

"செகண்ட் ஹேண்டுதான் பாய்."

"அதான பார்த்தேன்" என்று சமாதானமானார். பழுதுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மேடையில் நின்றால் பாக்ஸின் முதுகுதான் கேட்கும். முன்னால் போய்க் கேட்க வேண்டும் என்றாள். பாய் இரண்டு நீள வயர்களை ஒன்றோடு ஒன்று சொருகிக் கொடுத்தார். கிட்டாரைத் தோளில் மாட்டியபடி அவள் இறங்கி மைதானத்தின் நடுவுக்கு நடந்தாள். ப்ராசஸர் மேடையிலேயே இருந்ததால் குமிழ்களைத் திருக ஒரு ஆள் வேண்டும். புகைப்பட விதிப்படி அந்த ஆள் நான். மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

அவ்வளவு தூரத்தில் பேசினால் கேட்காது. அவள் யார்டில் கிரேன்காரர்களுக்குக் காட்டுகிற சைகைகளை எங்களுக்கு எப்போதோ பழக்கியிருந்தாள். சுட்டுவிரல் மேலே பார்த்துச் சுற்றினால் ஏற்று. கீழே பார்த்துச் சுற்றினால் இறக்கு. முஷ்டி மடக்கினால் நில். எந்தக் குமிழ் என்பதற்கு முதலில் விரல் எண்ணிக்கை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டால், எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒன்றையும் தொடாதே. கடைசிச் சைகையை ஒத்திகையில் அவள் ஒருமுறைகூடக் காட்டியதில்லை.

நடுவில் நின்று அடித்தாள்.

எனக்கே கேட்டது. தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு குளவி. நாங்கள் அறையில் கேட்டு அசந்துபோன அதே கிட்டார், அதே புள்ளிகள், அதே விரல்கள். வெளியே வந்ததும் அதற்கு உடம்பே இல்லை. இடுப்புக்குக் கீழே யாரோ அறுத்துக்கொண்டு போனது மாதிரி இருந்தது.

விரல் மேலே சுற்றியது. பேஸை ஏற்றினேன். குளவி போய், தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ மெத்தையைப் போட்டுத் துவைக்கிற சத்தம் வந்தது. பாக்ஸ்கள் ஊளையிட ஆரம்பித்தன. பாய் தலையில் கை வைத்தார். இறக்கினேன். கெயின் என்று சைகை. ஏற்றினேன். எதிர் வரிசை வீட்டு மாடியில் ஒரு அம்மா வெளியே வந்து, குக்கர் எங்கே விசில் அடிக்கிறது என்று தன் வீட்டுக்குள்ளேயே திரும்பிப் பார்த்தார்.

எழில்மொழி கையை இறக்கிவிட்டு நின்றாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. கோபம் என்றால் பரவாயில்லை. இது, பஸ் போய்விட்ட பிறகும் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது.

"கம்பி எறங்கிச்சா?" என்று கத்தினான் டில்லிபாபு. "சுருதி பாரு எயிலு."

பழக்கதோஷத்தில் அவள் தலையைச் சாய்த்தாள். சாய்த்தபடியே நின்றாள். கன்டெய்னர் லாரிகள் சாலையில் ஹாரன் அடித்தன. யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். காக்கைகள் இருந்தன. அதெல்லாம் மேலே. அவற்றுக்கு அடியில் ஒன்றும் இல்லை. எங்கள் முழங்காலும் வயிறும் காலியாக இருந்தன. அத்தனை மாதத்தில் முதன்முறையாக நாங்கள் ஐஸ் கம்பெனி இல்லாத ஓர் இடத்தில் வாசிக்க நின்றுகொண்டிருந்தோம்.

வயரைச் சுருட்டிக்கொண்டே மேடைக்கு வந்தாள்.

"அபின், நம்ம அஞ்சு பேருடா."

"நாலு."

"அஞ்சு. அந்த கம்ப்ரஸரு. பேஸ் குமிய சைபர்ல வெச்சேனே, எப்டி வெச்சேன்? அடி சவுண்டெல்லாம் அதுதான் குட்த்துகினு இருந்துச்சி. நான் அதுமேல குந்தி வாசிச்சிகினு இருந்துக்கீறேன். அத்த வூட்லயே வுட்டுட்டு வந்துட்டோம்."

மேதைகள் பலவிதமாகத் தவறு செய்வார்கள். ஒரு முழு ஐஸ் கம்பெனியைத் தெரியாமல் இசைக்குழுவில் சேர்த்துக்கொண்டு, நிகழ்ச்சிக்கு அழைக்க மறந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மொஹ்சினுக்கு ஒரு யோசனை வந்தது. மைதான மூலையில், கழிப்பறைக்கு அந்தப் பக்கம், விழாவுக்கான ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ம்ம்ம் என்றுதான் சொல்கிறது. நேராக வேதமாணிக்கத்திடம் போனான்.

"சார், அந்த ஜெனரேட்டர மேடைக்கிட்ட கொண்டாந்து வெக்க முடியுமா?"

வேதமாணிக்கம் வாழ்நாளில் எத்தனையோ விழா நடத்தியவர். ஜெனரேட்டரைத் தள்ளிவை என்று சொன்னவர்களை மட்டுமே சந்தித்திருக்கிறார். "ஏம்ப்பா?" என்றார்.

"அது எங்க பேண்டுல கீது சார்."

"தம்பி, தண்ணி குடிங்க" என்றார் அவர், அக்கறையோடு.

மொஹ்சின் திரும்பி வந்தபோது எழில்மொழி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை என்றால், என் கையில் இருந்ததை.

"உன்னுத சொருவு."

"எதுக்கு?"

"அந்த நாலு கம்பி இன்னாத்துக்கு கீது? துணி காயப் போடவா? சொருவுடா."

சொருகினேன். பாய் ஏற்றினார். ஆகத் தடித்த கம்பியை அடித்தேன்.

எனக்கு என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை மாதமாக நான் வாசித்ததை நானே கேட்டதில்லை. கம்ப்ரஸர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்ததால் என் சத்தம் எழுந்த இடத்திலேயே அடங்கிவிடும். விரல் அசைந்தால் வாசிக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது மேடைப் பலகை என் செருப்பைத் தூக்கியது. தரையில் வைத்திருந்த டீ கிளாஸில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. ஒரு விரலால் இதைச் செய்தது நானா என்று விரலைத் திருப்பிப் பார்த்தேன். சாதாரண விரல்தான்.

"அபின்" என்றாள் எழில்மொழி மெதுவாக. "இன்னிக்கு நீதான் ஐஸ் கம்பெனி."

சுருதிக்கு இனி சுவர் இல்லை. ஆப்பைத் திறந்தால் அது லாரி ஹாரனுக்குப் பதில் சொன்னது. "வோணாம், உன் கம்பியவே குடு" என்று என் தடித்த கம்பிக்குத் தன் கம்பியைச் சேர்த்தாள். வெயிலில் அது கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். யாருக்கும் கவலையில்லை.

அவள் ப்ராசஸர் முன்னால் உட்கார்ந்தாள். கெயினைப் புள்ளியிலிருந்து பாதிக்கு இறக்கினாள். பேஸைத் தொடவில்லை. மிட்டை, புள்ளியை எல்லாம் தாண்டி, மேலே மேலே கொண்டுபோனாள். கூடவே கேட் என்று ஒரு குமிழ், அதையும் ஏற்றினாள். கம்பி அதிரும்போது மட்டும் சத்தத்தை வெளியே விட்டு, கை எடுத்ததும் கதவைச் சாத்துகிற குமிழ் அது. வலைக் கிடங்கில் நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. கதவு திறந்திருந்தாலும் சாத்தியிருந்தாலும் அங்கே எல்லாம் ஒன்றுதான்.

ஒரு அடி அடித்துப் பார்த்தாள். தனியாகக் கேட்க அசிங்கமாக இருந்தது. மூக்கு அடைத்தவன் திட்டுகிற மாதிரி.

"இதுவா?" என்றான் மொஹ்சின்.

"தனியா கேட்டா இப்டிதான் இருக்கும். அவனோட சேந்தா..." என்று நிறுத்தினாள். "சேந்தா இன்னா ஆவும்னு இப்ப கீய எறங்கி கேக்கணும். எல்லாரும் வாசிங்க, நான் போறேன்."

அப்போது வேதமாணிக்கம் மேடை ஏறினார். அவருக்குப் பின்னால் தலையில் காகித மீன் கட்டிய பன்னிரண்டு குழந்தைகள். "எறங்குங்கப்பா. டான்ஸுக்கு ரிகர்சல் வேணுமாம், டீச்சர் கோச்சிக்கிறாங்க."

அவ்வளவுதான். சேர்ந்த சத்தத்தை அவள் கேட்கவில்லை. கெயினும் மிட்டும் இப்போது அவற்றின் புள்ளியில் இல்லை. புதிய இடங்கள் சரியா என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. காகித மீன்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு மேடையேறின.

ஆறரை மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மைதானம் நிறைந்திருந்தது. காகித மீன்களின் தாய்மார்கள், கழகத்தின் பழைய வீரர்கள், சுண்டல்காரர், வரிசையாக நாற்காலியில் லைட் மியூசிக் கேட்க வந்திருந்த பெரியவர்கள். டில்லிபாபுவைப் பார்த்து "கீப்பர்" என்று ஒரு குரல் வந்தது. அது எங்களுக்குக் கிடைத்த கைதட்டல்.

டில்லிபாபு குச்சியைத் தட்டி எண்ணினான். ஆரம்பித்தோம்.

மேடையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பாக்ஸின் முதுகு, டிரம்ஸின் இடி, மொஹ்சினின் உறுமல், எல்லாம் ஒரே கூழ். முன்வரிசையைப் பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறார்களா, உறைந்திருக்கிறார்களா என்பதுதான் புரியவில்லை. முதல் பாட்டு முடிந்தது. கடைசி அடியில் எழில்மொழி கம்பியை உள்ளங்கையால் பொத்தினாள். நானும் பொத்தினேன். டில்லிபாபு தாளத்தட்டைப் பிடித்துக்கொண்டான்.

சத்தம் நின்றது.

முழுவதும் நின்றது. கதவு சாத்திவிட்டது. எங்கள் பாட்டின் முடிவில் இப்படி ஒரு அமைதி இருந்தது என்பது அதுவரை எங்களுக்கே தெரியாது. ஐஸ் கம்பெனி ஒருநாளும் எங்களை நிறுத்த விட்டதில்லை. அத்தனை பெரிய மைதானத்தில் சுண்டல்காரர் ஒரு காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டுகிற ஓசை கேட்டது. யாரும் கைதட்டவில்லை. கைதட்ட பயந்த மாதிரி இருந்தது.

எழில்மொழி என்னைப் பார்த்தாள். பிறகு மேடையின் விளிம்பைப் பார்த்தாள். அவள் கிட்டாரில் இன்னும் அந்த நீள வயர்தான் இருந்தது. மாற்றச் சொல்லி பாய் கேட்டபோது காதில் விழாதது போல இருந்தாள்.

டில்லிபாபு அடுத்ததை எண்ணினான். நாலாவது தட்டில் அவள் குதித்தாள்.

வாசித்துக்கொண்டே நடந்தாள். பின்னால் வயர் இழுபட்டது. எங்கேயாவது மாட்டிப் பிடுங்கிக்கொள்ளப் போகிறது என்று நான் பதறியபோது, மிக்ஸருக்குப் பின்னாலிருந்து சௌக்கத் பாய் எழுந்து வந்தார். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். வயரை இரண்டு கையாலும் எடுத்து, காத்தாடிக்கு நூல் விடுவது போல, அவள் போகப் போகத் தளர்த்தி விட்டுக்கொண்டே இருந்தார். ஜனம் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் யாருக்குக் கேட்டிருக்கும்.

மைதானத்தின் நடுவில், மாலை அவள் குளவியைக் கேட்ட அதே இடத்தில், நின்றாள். திரும்பினாள். இப்போது அவள் முகம் எங்கள் பக்கம். அந்தப் பாட்டில் ஓர் இடம் வரும். எல்லோரும் அடங்கி, பேஸும் டிரம்ஸும் மட்டும் நாலு எண்ணிக்கை நடக்கும். அடுத்த எண்ணிக்கையில் கிட்டார் விழ வேண்டும். அந்த இடம் வந்தது. நான் நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

கிட்டார் விழவில்லை.

வயர் பிடுங்கிக்கொண்டது என்று நினைத்தேன். மொஹ்சின் என்னைப் பார்த்தான். நிறுத்தலாமா? நிறுத்தினால் டில்லிபாபுவின் அடியைத் தவிர மைதானத்தில் எதுவும் மிஞ்சாது. என் கம்பியைத் தவிர அந்த நேரத்தில் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றும் இல்லை. நான் ஐஸ் கம்பெனி. ஐஸ் கம்பெனி நிற்காது. மறுபடி ஒன்றிலிருந்து நடந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அவள் இரண்டு கையையும் கிட்டாரிலிருந்து எடுத்திருந்தாள். எடுத்து, நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒன்றையும் தொடாதே.

சுற்றி இருந்த சனம் அது கும்பிடு என்று நினைத்தது. முன்வரிசையில் ஒரு பாட்டியம்மா பதிலுக்குக் கும்பிட்டார். மூன்று. நாலு. கைகள் பிரிந்தன. அடித்தாள்.

கன்டெய்னர் இறங்கியது.

மேடையில் இருந்த எனக்கே அதை முதலில் சொன்னது பலகைதான். பிறகு கணுக்கால். யாரோ வைத்திருந்த டீ கிளாஸ் மேடை விளிம்பு வரை வந்து யோசித்தது. மாலையில் மூக்கடைப்பாக இருந்த அந்த அசிங்கமான நடுச்சத்தம், என் கம்பியின் மேல் வந்து பொருந்தியதும், ஒரே கனமான பொருளாகிவிட்டது. எது அவள், எது நான் என்று பிரிக்க முடியவில்லை. அதற்கு ஓரங்கள் இருந்தன. அடிக்கும்போது இருந்தது, பொத்தும்போது இல்லை, நடுவில் கத்தி வைத்தது போல வெட்டு. கிட்டத்தட்ட ஆயிரம் பேரின் தோள்கள் ஒரே நேரத்தில் ஒரு அங்குலம் பின்னால் போய் வந்ததை மேடையிலிருந்து பார்த்தேன். காற்றடித்த சோளக்காடு அப்படித்தான் சாயுமாம். நான் சோளக்காடு பார்த்ததில்லை. இதைப் பார்த்துவிட்டேன், போதும்.

அவள் எங்களைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். முன்தலை மயிர் பறந்தது என்று நான் சொன்னால் டில்லிபாபு அது கடல்காற்று என்கிறான். இருக்கலாம்.

சனம் கடைசியில் எழுந்தே விட்டது. வேதமாணிக்கம் நிபந்தனைப்படி மேடை ஓரம் வரை வந்தார். எழுந்தவர்கள் போவதற்காக எழவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். 'மணலி மேகம்' பாதியில் முடிந்தது. அது அப்படித்தான் முடிய வேண்டும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கைதட்டல் பற்றி எழுத ஒன்றுமில்லை. நிறைய இருந்தது. லைட் மியூசிக்காரர்களின் கீபோர்டு வாத்தியார் எங்களைத் தாண்டிப் போகும்போது வழிவிட்டார்.

மேடைக்குப் பின்னால் எழில்மொழி பாயிடம் வயரைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கைக்கும் பெருவிரலுக்கும் இடையே, ஒழுங்காக.

"கேட்டியா?" என்றேன்.

"ம்."

"எப்டி இருந்துச்சி?"

இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டினாள். "ஃபர்ஸ்ட்டு தரைக்கு கேட்டுச்சிடா" என்றாள்.

சௌக்கத் பாய் டார்ச் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பாக்ஸாகக் கோனைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணும் கியில" என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரித் தெரிந்தது.

திங்கட்கிழமை ரயிலுக்கு ப்ராசஸரையும் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். சிவப்புப் புள்ளிகள் பழைய இடத்தில் அப்படியே இருந்தன. குமிழ்கள் வேறு எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. புதுப் புள்ளி வைக்கவில்லையா என்று மொஹ்சின் கேட்டான். "அங்க இன்னா ஓடுதோ பாத்துட்டு வெக்கிறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை நான் தனியாக வலைக் கிடங்குக்குப் போனேன். கம்ப்ரஸர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, தடித்த கம்பியை அடித்தேன்.

வவ் வவ் என்றது. என் கம்பி இன்னும் ஞாயிற்றுக்கிழமைச் சுருதியில் இருந்தது. ஒரு திருகு போதும், பழையபடி சேர்ந்துவிடும். திருகாணியில் விரலை வைத்தேன். பல் கூசியது. சுவர் அதிர்ந்தது.

விரலை எடுத்துவிட்டு இன்னும் ஓங்கி அடித்தேன். வேண்டுமானால் ஐஸ் கம்பெனி சரிசெய்துகொள்ளட்டும்.